தோற்பதற்கு ஓர் இடம்

உத்தரப்பிரதேசத்துச் சிற்றூர்களிலிருந்து இரண்டு இளைஞர் அமெரிக்கா சென்று பந்தெறிந்த கதையை நம் வாசகருள் சிலர் அறிந்திருப்பர். ரிங்கு சிங், தினேஷ் படேல் என்பன அவர்தம் பெயர்கள். 2014ஆம் ஆண்டில் டிஸ்னி நிறுவனம் ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ என்னும் பெயரில் அதனைத் திரைப்படமாக்கியது. அதற்கு இசையமைத்தவர் நம் ஏ.ஆர். ரகுமான். ஏழை வீட்டுப் பிள்ளைகளின் தோளில் உறங்கிக் கிடந்த வலிமையைக் கடல் கடந்து வந்த ஒருவர் கண்டெடுக்கிறார், அவர்கள் அமெரிக்க அணியொன்றில் ஒப்பந்தமாகின்றனர், படம் நிறைவுறுகிறது. பார்த்தவர் கண் கலங்கி எழுந்து வருவர். நமக்கோ, படம் முடிகிற இடத்தில்தான் கேள்வி பிறந்தது. ஒப்பந்தத் தாளில் கையெழுத்திட்ட மறுநாள் காலை அவர்கள் எங்கே போனார்கள்? யார் அவர்களுக்குச் சோறிட்டார்? யார் கற்பித்தார்? தோற்ற நாளில் யார் அருகிலிருந்தார்?

கள்ளக்குறிச்சியில் இருந்துகொண்டு பேஸ்பால் என்னும் ஆட்டத்தைப் பற்றி நாம் ஏன் இத்தனை கவலைப்பட வேண்டும் என்று கேட்போருக்கு விடை பின்னர் வரும். முதலில் அந்த ஆட்டத்தைப் பற்றிச் சில சொற்கள். நம் பிள்ளைகள் ஆடும் கிட்டிப்புள்ளையும் கிரிக்கெட்டையும் மனத்தில் ஒருசேர வைத்துக்கொண்டால் போதும். ஒருவர் மேட்டில் நின்று பந்தை எறிவார். அது தரையில் படாமல் வரும். மற்றவர் உருண்டைத் தடியால் அதனை அடித்துவிட்டு, சதுரமாக அமைந்த நான்கு தளங்களைச் சுற்றி ஓடுவார். எறிபவரே அந்த ஆட்டத்தின் அச்சாணி. மணிக்கு 90 மைல், அதாவது ஏறத்தாழ 145 கிலோமீட்டர் வேகத்தில், குறித்த இடத்தில் பந்தைச் செலுத்த வேண்டும். வேகம் பிறவியில் வரும் என்பர். குறி பயிற்சியால் மட்டுமே வரும்.

2008இல் இந்தியாவில் ஒரு போட்டி நடத்தப்பட்டது. முப்பதாயிரத்துக்கு மேற்பட்டோர் வந்து பந்தெறிந்தனர். அவர்களுள் ரிங்கு சிங் மணிக்கு 87 மைல் வேகத்தில் எறிந்து முதலிடம் பெற்று ஓர் இலட்சம் டாலர் பரிசும் பெற்றார். தினேஷ் அடுத்து வந்தார். இருவரும் ஈட்டி எறிந்து பழகியவர்கள். பேஸ்பால் கையுறையை அதற்கு முன் அணிந்தவர்கள் அல்லர். கலிபோர்னியாவில் டாம் ஹவுஸ் என்னும் பெயர்பெற்ற ஆசான் சில மாதங்கள் அவர்களைப் பழக்கினார். அவ்வாண்டு நவம்பரில் பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் கழகம் இருவரையும் எடுத்துக்கொண்டது. படம் இங்கே முடிகிறது.

கழகம் அவர்களைப் பிட்ஸ்பர்க் நகரின் பெரிய அரங்குக்கு அனுப்பவில்லை. புளோரிடா மாநிலத்துப் பிராடென்டன் என்னும் ஊரில் உள்ள பயிற்சி வளாகத்துக்கு அனுப்பியது. அங்கே அப்போது நடந்து வந்தது ‘கல்ஃப் கோஸ்ட் லீக்’ என்னும் புதுமுகர் தொடர். 2021 முதல் அதன் பெயர் ‘புளோரிடா காம்ப்ளெக்ஸ் லீக்’. அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலின் ஏணியில் இதுவே அந்நாட்டு மண்ணில் ஊன்றிய அடிப்படி. இதற்கு மேல் நான்கு படிகள் ஏறினால்தான் தொலைக்காட்சியில் நாம் காணும் பெரிய ஆட்டம்.

அந்த அடிப்படியின் இயல்பே நம்மை வியப்பில் ஆழ்த்தியது. கோடை நண்பகலில், வளாகத்தின் பின்புறத் திடல்களில் ஆட்டம் நடைபெறும். பெரும்பாலும் நுழைவுக் கட்டணம் இல்லை. காசு கொடுத்துப் பார்க்க வருவோரும் இல்லை. வேலிக்கு அப்பால் ஆட்டக்காரரின் பெற்றோர் சிலர், ஏட்டைக் கையில் வைத்துக் குறிப்பெழுதும் மதிப்பீட்டாளர் சிலர், வேறு வேலையில்லாத முதியவர் ஓரிருவர் நிற்பர். யார் வென்றார் என்பதை அந்த ஊர்ச் செய்தித்தாளும் பெரிதாக எழுதுவதில்லை. எறிபவர் எத்தனை பந்து எறிந்தார் என்று ஒருவர் எண்ணிக்கொண்டே இருப்பார். குறித்த எண்ணிக்கை வந்ததும், ஆட்டம் எந்த நிலையில் இருந்தாலும் சரி, பையனை நிறுத்திவிடுவர். வெற்றி கைக்கெட்டும் தூரத்தில் இருக்கும்போதும் நிறுத்துவர். இளங்கை அதற்கு மேல் தாங்காது என்பதே காரணம். ஒரு பையனுக்கு வேகப்பந்து நன்றாக வருகிறது, மெதுவான பந்து வரவில்லை என்றால், ‘இன்று நீ மெதுவான பந்தையே எறி, அடித்தால் அடித்துவிட்டுப் போகட்டும்’ என்று ஆசான் சொல்லக்கூடிய இடம் அது. ஸ்பானிய மொழி பேசும் நாடுகளிலிருந்து வந்த பிள்ளைகளுக்கு ஆங்கில வகுப்பும் நடத்துவர். வங்கிக் கணக்கு எவ்வாறு தொடங்குவது, கடையில் என்ன வாங்கிச் சமைப்பது என்பனவும் பாடமாகும். ஆட்டம் அந்தப் பாடங்களுள் ஒன்று, அவ்வளவே.

1920களில் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் கழகத்தில் பிராஞ்ச் ரிக்கி என்பவர் இந்த ஏணியை முறைப்படுத்தினார். பணக்காரக் கழகங்களோடு போட்டியிட்டு முதிர்ந்த ஆட்டக்காரரை விலைக்கு வாங்க இயலாதவர், இளையோரை எடுத்துத் தாமே வளர்ப்பது என முடிவு செய்தார். அதற்குப் ‘பண்ணை முறை’ என்றே பெயர் நிலைத்தது. கோமுகி நீரில் நெல் விளைவிக்கும் நம்மூர் உழவருக்கு இதனை விளக்க வேண்டியதில்லை. நாற்றங்காலில் எவரும் கதிர் அறுக்கச் செல்வதில்லை.

2009 ஜூலையில் நம் இருவரும் அந்தத் திடலில் இறங்கினர். அம்மாதமே ரிங்கு ஓர் ஆட்டத்தில் வெற்றிக்குரிய எறிஞராகக் குறிக்கப்பட்டார். அமெரிக்கத் தொழில்முறைப் பேஸ்பாலில் அவ்வாறு பெயர் பெற்ற முதல் இந்தியர் அவர். இது செய்தியாக வந்தது. அடுத்த ஆண்டும் அதே அடிப்படியில்தான் நின்றார் என்பது செய்தியாகவில்லை. நமக்கு அந்த இரண்டாம் ஆண்டே பெரிதாகத் தோன்றுகிறது. ‘உனக்கு ஓராண்டு தந்தோம், போதும், ஊருக்குப் போ’ என்று அவரை அனுப்பவில்லை. 2011இல் ஒரு படி, பின்னர் மற்றொரு படி என ஏறி மேற்கு வர்ஜீனியாவில் 2012 பருவத்தை ஆடி முடித்தார். அதன் பின்னர் முழங்கையில் அறுவை மருத்துவம், எறிகை மீளவில்லை. 2018இல் மற்போர்க் காட்சி நிறுவனமாகிய டபிள்யூ.டபிள்யூ.இ.யில் சேர்ந்து வேறு பெயரில் மேடையேறினார். தினேஷை 2010 இறுதியிலேயே கழகம் விடுவித்துவிட்டது; அவர் ஊர் திரும்பினார். பெரிய ஆட்டத்தை இருவரில் எவரும் எட்டவில்லை. இதனைத் தோல்வி என்று எழுதியவர்கள் உண்டு. கையுறை அணியத் தெரியாமல் இருபது வயதில் போனவர் அத்தனை பருவங்கள் அங்கே நிலைத்ததைத் தோல்வி என்று சொல்ல நமக்கு மனம் வரவில்லை.

அடிப்படியின் பயனை இன்னும் தெளிவாகக் காட்டும் அண்மைக் காட்சி ஒன்றுண்டு. ஆந்திரத்திலிருந்து குடியேறிய பெற்றோருக்குப் பிறந்த அர்ஜுன் நிம்மலா என்னும் பதினேழு வயதுப் பையனை 2023இல் டொராண்டோ புளூ ஜேஸ் கழகம் முதற்சுற்றிலேயே தேர்ந்தெடுத்தது. மறு ஆண்டு அவரை அடிப்படிக்கு ஒரு படி மேலான அணியில் ஆட விட்டனர். தொடக்க வாரங்களில் பையன் தடுமாறினார். பந்து மட்டையில் படவே இல்லை என்று சொல்லுமளவுக்குத் தடுமாறினார். கழகம் என்ன செய்தது? அவரை ஆட்டத்திலிருந்து எடுத்து, பயிற்சி வளாகத்துக்கே திருப்பியனுப்பி, சில வாரங்கள் மட்டை வீச்சைச் சீர்திருத்தியது. திரும்பி வந்தவர் அதே பருவத்தில் வேலிக்கு அப்பால் பந்துகளைப் பறக்கவிட்டார். கீழே அனுப்புவது அங்கே தண்டனையாகக் கருதப்படவில்லை என்பதை வாசகர் கவனிக்க வேண்டும். இறங்கி நின்று ஏற அங்கே ஒரு படி இருந்தது.

இனி நம் மலைக்கு வருவோம்.

கச்சிராயபாளையத்தைக் கடந்து, கோமுகி அணையை விட்டு விலகி, வளைந்து வளைந்து மேலேறும் சாலையில் வெள்ளிமலைக்குப் போகும் பேருந்தில் ஏறியவர்கள் கல்வராயன் மலையின் பிள்ளைகளைப் பார்த்திருப்பர். மலையாளி என்னும் பழங்குடியினர் வாழும் மலை இது. 1976 வரை ஜாகீர்தாரர்களின் கையில் இருந்தது. சாமையும் தினையும் விளைந்த சரிவுகளில் இன்று மரவள்ளியும் மிகுதி. கதிர் முற்றும் காலத்தில் பறவைகளை விரட்டப் பிள்ளைகள் கல்லெறிவதைக் கண்டிருக்கிறோம். ஓடிக்கொண்டே எறிவர், மேட்டிலிருந்து எறிவர், பள்ளத்திலிருந்து மேல்நோக்கி எறிவர். தோள் எவ்வாறு திரும்ப வேண்டும், இடுப்பு எப்போது முந்த வேண்டும் என்று எவரும் கற்பித்ததில்லை. டாம் ஹவுஸ் பார்த்திருந்தால் பெருமூச்சு விட்டிருப்பார்.

மலைப் பள்ளியொன்றில் பணியாற்றும் ஆசிரிய நண்பர் ஒருவரின் அழைப்பின்பேரில், சில ஆண்டுகளாக அப்பள்ளியின் ஆண்டு விளையாட்டு நாளில் முடிவுகளை எழுதிக் கொடுக்கும் வேலை நமக்கு வாய்த்திருக்கிறது. உண்டு உறைவிடப் பள்ளி அது. அங்கே ஓராண்டு எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் கிரிக்கெட் பந்தை எறிந்தான். வெறுங்காலோடு நாலடி ஓடி வந்து எறிந்தான். பந்து திடலைக் கடந்து, முள்வேலியைக் கடந்து, அப்பாலிருந்த மரவள்ளிக் கொல்லைக்குள் விழுந்து மறைந்தது. அளவெடுக்க நாடா போதவில்லை. பந்தைத் தேடப் பத்துப் பேர் ஓடினர், கிடைக்கவில்லை. பள்ளியில் இருந்தது அந்த ஒரே பந்து என்பதால் போட்டி அத்துடன் முடிந்தது. அடுத்து எறிய வேண்டிய பிள்ளைகளின் முகத்தில் இருந்த ஏமாற்றத்தையும் நாம் கண்டோம்.

நண்பர் சும்மா இருக்கவில்லை. விண்ணப்பம் வாங்கினார்; சாதிச் சான்று, பிறப்புச் சான்று எல்லாம் எடுத்தார்; தம் செலவில் பையனைத் தேர்வுக்கு அழைத்துச் சென்றார். தேர்வு ஒரே நாளில் முடிந்தது. பையன் வெளியூர் விளையாட்டு விடுதி ஒன்றில் சேர்க்கப்பட்டான். எந்த விடுதி, அரசினதா தனியாரதா என்பது இங்கே வேண்டாம். இந்தக் கதை பல விடுதிகளுக்குப் பொருந்தும். மலையில் இனிப்பு வழங்கினர்.

ஜூனில் போனவன் ஜனவரியில் திரும்பி வந்துவிட்டான். அவன் சொன்ன அளவிலும் நண்பர் விசாரித்த அளவிலும் நாம் அறிந்தது இதுதான். கையில் ஈட்டியைக் கொடுத்தனர். ஆகஸ்டில் ஒரு போட்டி, அக்டோபரில் ஒரு போட்டி. இரண்டிலும் அவன் எறிந்த ஈட்டி தட்டையாக விழுந்தது. கல்லெறிந்த கைக்கு ஈட்டியின் கோணம் பிடிபடச் சில மாதங்களாவது வேண்டும் என்பதை அறியாதவரல்லர் அங்கிருந்த பயிற்சியாளர்; ஆனால் அவருக்கும் ஆண்டுதோறும் பதக்கக் கணக்குக் காட்ட வேண்டியிருந்தது. நாற்பது பிள்ளைகளுக்கு அவர் ஒருவர். டிசம்பரில் தோள் வலித்தது. ‘இவனுக்கு வரவில்லை’ என்று எழுதினர். பையனிடம் எவரும் கோபமாக ஒரு சொல்லும் சொல்லவில்லை. அதை அவனே சொன்னான். பெட்டியைக் கட்டிக் கொடுத்துப் பேருந்தில் ஏற்றினர்.

இதில் கொடியவர் எவரும் இல்லை என்பதுதான் நம்மை உறுத்துகிறது. தேர்ந்தெடுத்தவர் சரியாகத்தான் தேர்ந்தெடுத்தார். அனுப்பியவரும் தம் விதிப்படிதான் அனுப்பினார். இடையில் இருக்க வேண்டிய ஒன்று இல்லை. நம் போட்டி முறையை எண்ணிப் பாருங்கள்: குறுவட்டப் போட்டியில் வென்றால் மாவட்டம், மாவட்டத்தில் வென்றால் மாநிலம். முதல் நாளே வெற்றி வேண்டும். தோற்றவனுக்கு அடுத்த ஆண்டுதான் வாய்ப்பு. அதற்குள் அவன் பள்ளியில் இருந்தால் உண்டு. தோற்றுக்கொண்டே கற்றுக்கொள்ளும் படி நம் ஏணியில் இல்லை. நாம் கதிர் அறுக்கிறோம், நாற்று விடவில்லை.

தமிழ்நாட்டில் இதனை அறிந்தவர் எவரும் இல்லை என்று சொல்ல வரவில்லை. 1987இல் சென்னையில் தொடங்கிய எம்.ஆர்.எஃப். வேகப்பந்து நிலையம் அப்படிப்பட்ட இடமே. டென்னிஸ் லில்லி அங்கே வந்து கற்பித்தார். அங்கே கோப்பை இல்லை, புள்ளிப் பட்டியல் இல்லை. ஓட்டமும் தோளும் பாதமும்தான் பேச்சு. பந்து வீசக் கற்க வந்த சிறுவன் சச்சினை, மட்டையைப் பார்த்துக்கொள் என்று லில்லி அனுப்பிய கதை யாவரும் அறிந்தது. ஒரு பிள்ளைக்கு ‘உனக்கு இது வராது’ என்று சொல்வதும் கற்பிப்பதில் ஒரு பகுதிதான். எது வரும் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

நம் மலையின் மேற்குச் சரிவு இறங்குவது சேலம் மாவட்டத்தில். அந்த மாவட்டத்துச் சின்னப்பம்பட்டியில் நெசவுத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த த. நடராஜனை இப்போது நாடறியும். டென்னிஸ் பந்தில் ஊர்த் திடலில் வீசிப் பழகியவர். 2015 சனவரியில் தமிழ்நாட்டுக்காக முதன்முதலாக ரஞ்சிக் கோப்பையில் ஆடினார். உடனே அவர் பந்துவீச்சு விதிக்குட்பட்டதா என்ற ஐயம் எழுந்தது. கை எறிவது போல் மடங்குகிறது என்றனர். அந்தச் சொல் பல இளைஞரின் ஆட்ட வாழ்வை முடித்துவிட்டிருக்கிறது. நடராஜனுக்கு அவ்வாறு நேரவில்லை. சுனில் சுப்பிரமணியம் முதலிய பயிற்சியாளர்கள் அவர் கையைத் திருத்தினர். வழிகாட்டியாக இருந்த ஜெயப்பிரகாஷ் விட்டுவிடவில்லை. ஓராண்டுக்கும் மேலாக, எவரும் கைதட்டாத பயிற்சித் திடலில், கையின் கோணத்தை மாற்றி மாற்றி எறிந்துகொண்டிருந்தார். 2016இல் தமிழ்நாடு பிரீமியர் லீக் தொடங்கியபோது திருந்திய கையோடு வந்தார். 2020 டிசம்பரில் ஆஸ்திரேலியாவில் இந்தியாவுக்காக ஆடினார்; 2021 சனவரியில் பிரிஸ்பேனில் டெஸ்ட் ஆட்டமும் ஆடினார். அவர் வீசிய யார்க்கர் பந்துகளை எல்லோரும் புகழ்கின்றனர். அந்த 2015ஆம் ஆண்டை யார் புகழ்கிறார்கள்? ஊருக்குத் திரும்பி அவர் அமைத்த திடல் 2023இல் திறக்கப்பட்டது. அந்த ஆண்டின் அருமை அவருக்குத் தெரிந்திருப்பதால்தான் அத்திடல் அமைந்தது என்று நாம் எண்ணிக்கொள்கிறோம்.

ஆனால் அமெரிக்க ஏணியை அப்படியே புகழ்ந்துவிட்டுப் போவதும் நேர்மையாகாது. அதன் அடிப்படியில் நின்ற இளைஞர் பல்லாண்டுகள் அரைவயிற்றோடு நின்றனர். வசந்தகாலப் பயிற்சிக்கு அவர்களுக்கு ஊதியமே இல்லை. வழக்குத் தொடுத்தனர், 2018இல் நாடாளுமன்றம் இயற்றிய சட்டமோ கழகங்களின் பக்கம் நின்று, மிகைநேர ஊதியம் கேட்கும் வழியை அடைத்தது. 2022இல்தான் அந்த வழக்கு 18.5 கோடி டாலருக்குச் சமரசமாயிற்று. 2023 வசந்தத்தில் முதன்முதலாகத் தொழிற்சங்கம் வழியே ஒப்பந்தம் வந்தது. அடிப்படியில் நிற்பவரின் ஆண்டுக் குறைந்தபட்ச ஊதியம் 4,800 டாலரிலிருந்து 19,800 டாலராயிற்று. கோடி கோடியாய்ப் புரளும் ஆட்டத்தில், எதிர்காலம் என்று எவரைச் சொல்கிறார்களோ அவருக்கு அதுவரை கிடைத்தது அந்த 4,800தான். செலவு மிகுகிறது என்று 2021இல் ஏணியின் படிகளையே குறைத்தனர். பெரிய கழகங்களோடு இணைந்திருந்த சிறு அணிகள் 120ஆகச் சுருங்கின. சிற்றூர்கள் பல தம் அணியை இழந்தன.

அதனினும் கசப்பான பகுதி கரீபியக் கடலில் உள்ள டொமினிக்கன் குடியரசில் இருக்கிறது. முப்பது பெரிய கழகங்களும் அங்கே பயிற்சிக்கூடம் வைத்திருக்கின்றன. பதினாறு வயதில் ஒப்பந்தம். அதற்கு முன்பே, பன்னிரண்டு பதின்மூன்று வயதில், தெருவில் ஆடும் பையனின் தோளைப் பார்த்து அழைத்துச் செல்லும் தரகர்கள் உண்டு. ‘புஸ்கோன்’, தேடுபவர், என்று அவர்களைச் சொல்வர். சோறிட்டுப் பயிற்சியும் தருவர். ஒப்பந்தப் பணம் வந்தால் பெரும்பங்கு எடுத்துக்கொள்வர். பள்ளியை விட்டுவிட்டு ஆட்டத்துக்கு வந்த பிள்ளைகளில் பெரும்பாலோர் பெரிய ஆட்டத்தைக் காணாமலே இருபது வயதில் வீதிக்கு வருகின்றனர்.

தோளைப் பார்த்து அழைத்துப் போகும் தரகரை நம் மலையும் அறியும். ஆந்திரக் காடுகளில் செம்மரம் வெட்ட ஆள் திரட்டுவோர் கல்வராயன் மலைக்கும் வருகின்றனர். கோடரி பிடிக்கும் கை, சுமை தாங்கும் தோள், காட்டில் வழி தவறாத கால் — அவர்களுடைய தேர்வும் ஒரே நாளில் முடிந்துவிடும். 2015 ஏப்ரல் 7ஆம் நாள் சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவலரின் துப்பாக்கிக்கு இரையான இருபது பேரும் இப்படிப்பட்ட தமிழகத் தொழிலாளரே. மலையில் வலிய கையொன்று கண்ணில் படும்போது அதனைக் கண்டவர் விளையாட்டு ஆசிரியரா, காட்டுத் தரகரா என்பது பெரும்பாலும் யார் முதலில் வந்தார் என்பதைப் பொறுத்தே அமைகிறது. விடுதி திருப்பியனுப்பிய பையனை நாம் எண்ணும்போதெல்லாம் இந்த நினைவே நெஞ்சை அழுத்துகிறது. அவன் நல்லவேளையாக அந்த வழியில் போகவில்லை. குடகுப் பக்கம் காப்பித் தோட்டங்களுக்குப் போகும் உறவினரோடு மிளகு பறிக்கப் போய்வருகிறான். ஏணி வைத்து உயர ஏறுவதில் அவனை மிஞ்ச ஆளில்லையாம்.

அவன் பள்ளிக்குத் திரும்பாததற்குக் காரணம் மனச்சோர்வு மட்டுமன்று. ஜனவரியில் வந்தவனுக்கு மாற்றுச் சான்றிதழ் மார்ச் வரை வந்து சேரவில்லை. கணினிப் பதிவில் அவன் வேறு பள்ளி மாணவன். மலைப் பள்ளி வகுப்பில் உட்கார வைத்தது. தேர்வுப் பட்டியலில் பெயர் ஏற்ற இயலவில்லை. தேர்வு முடிந்து கோடை வந்தது. கோடையில் மிளகுக்குப் போன உறவினர் அழைத்தனர். ஒரு பிள்ளையை ஏணியில் ஏற்றிவிட எத்தனை சான்றிதழ் வேண்டும் என்பதற்குப் பட்டியல் இருக்கிறது. இறங்கி வருகிறவனுக்கு என்ன வேண்டும் என்று எவரும் பட்டியல் போட்டதில்லை. அமெரிக்கக் கழகங்கள்கூட, கல்லூரிப் படிப்பைப் பின்னர் முடித்துக்கொள்ளப் பணம் தரும் விதியொன்றைச் சிலருடைய ஒப்பந்தத்தில் எழுதி வைக்கின்றன. எல்லோருக்கும் அன்று, கேட்கத் தெரிந்தவருக்கு.

இந்தப் பையனுக்குத் தங்கை ஒருத்தி இருக்கிறாள். ஏழாம் வகுப்பு. அண்ணனைப் போலவே எறிகிறாள் என்று நண்பர் சொல்கிறார்; அண்ணனை விடக் குறி நன்று என்பது நம் கருத்து. இந்த முறை நண்பர் அவசரப்படவில்லை. சனிக்கிழமைகளில் ஆறு பிள்ளைகளைச் சேர்த்துக்கொண்டு எறிய வைக்கிறார். ஒவ்வொருவருக்கும் ஒரு குறிப்பேடு. சென்ற வாரம் தான் எறிந்ததோடு மட்டுமே அவரவர் ஒப்பிட்டுக்கொள்ள வேண்டும். முப்பது எறிக்கு மேல் எவரையும் விடுவதில்லை. அந்த எண்ணிக்கைப் பழக்கத்தைப் பிராடென்டன் கதையிலிருந்து எடுத்துக்கொண்டார். பந்துகள் இப்போது நான்கு உண்டு. முட்டை வாங்க நண்பர்கள் சிலர் சேர்ந்து மாதந்தோறும் சிறு தொகை தருகிறோம். இதனைத் திட்டம் என்று சொல்லும் அளவுக்கு ஒன்றுமில்லை.

சென்ற கோடையில் விடுதித் தேர்வுக்கான அறிவிப்பு வந்தபோது, விண்ணப்பத்தை எடுத்துக்கொண்டு நண்பரும் நாமும் அவள் வீட்டுக்குப் போனோம். தந்தை கொல்லையிலிருந்து வந்து, கை கழுவிக்கொண்டு, திண்ணையில் அமர்ந்தார். தாளை வாங்கி இரு பக்கமும் திருப்பிப் பார்த்தார். பெண் வாசற்படியில் நின்றுகொண்டிருந்தாள். சாப்பாடு, தங்குமிடம், உடை எல்லாம் இலவசம் என்று நண்பர் விளக்கினார். அவர் எல்லாவற்றுக்கும் தலையசைத்தார். பிறகு கேட்டார்:

“திருப்பி அனுப்பிட்டாங்கன்னா எந்த வகுப்புல சேத்துக்குவாங்க சார்?”

நண்பர் பேனாவை எடுத்து, விண்ணப்பத்தின் பின்புறம் அந்தக் கேள்வியை எழுதிக்கொண்டார். கேட்டுச் சொல்கிறோம் என்று சொல்லி எழுந்தோம். பின்னர் இரண்டு அலுவலகங்களுக்கு எழுதினோம். ஒன்றிலிருந்து, தங்கள் கடிதம் கிடைத்தது என்று பதில் வந்திருக்கிறது.